ஐந்து முறை சரி வந்தால் போதுமா? 4,294,967,297 என்ற எண்ணின் கதை

3, 5, 17, 257, 65,537. இந்த ஐந்து எண்களுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. ஐந்துமே பகா எண்கள். அதாவது, 1ஆலும் தன்னாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாதவை. ஐந்தும் ஒரே விதியிலிருந்து பிறந்தவையும்கூட. அந்த விதிப்படி அடுத்து வரும் ஆறாவது எண் 4,294,967,297. நம் வழக்கில் சொன்னால், 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

அதுவும் பகா எண்தானா?

தொடக்கப்பள்ளியிலிருந்தே எண் தோரணிக் கணக்குகளைச் செய்து பழகிய நம்மில் பலர் "ஆம்" என்றுதான் சொல்வோம். முதல் நான்கைந்து எண்களைப் பார்த்து அடுத்ததைச் சொல்வதுதானே அந்தக் கணக்கு! 17ஆம் நூற்றாண்டின் மிகச் சிறந்த கணித அறிஞர்களுள் ஒருவரும் அப்படித்தான் நம்பினார். அவர் நம்பியது தவறு என்று தெரியவர 92 ஆண்டுகள் ஆயின. அதைக் காட்டியது ஒரே ஒரு வகுத்தல் கணக்கு.

விதி எங்கிருந்து வந்தது?

2ஐ ஒவ்வோர் அடுக்காக உயர்த்தி, வரும் விடையோடு 1ஐக் கூட்டிப் பார்ப்போம்.

2¹ + 1 = 3, பகா எண்.
2² + 1 = 5, பகா எண்.
2³ + 1 = 9, இல்லை.
2⁴ + 1 = 17, பகா எண்.
2⁵ + 1 = 33, இல்லை.
2⁶ + 1 = 65, இல்லை.
2⁷ + 1 = 129, இல்லை.
2⁸ + 1 = 257, பகா எண்.

தேறிய அடுக்குகளை மட்டும் கவனியுங்கள்: 1, 2, 4, 8. ஒவ்வொன்றும் முந்தியதைப்போல் இரு மடங்கு. இது தற்செயல் அன்று. அடுக்கில் 1ஐத் தவிர வேறோர் ஒற்றைப்படைக் காரணி இருந்தால், அந்த எண் கட்டாயம் உடைந்துவிடும். எடுத்துக்காட்டாக, 2⁶ என்பது 2²இன் மூன்றாம் அடுக்கு. ஆகவே 2⁶ + 1 என்பது 2² + 1ஆல், அதாவது 5ஆல், வகுபடும். அதேபோல் 2¹² + 1 = 4,097 என்பது 2⁴ + 1ஆல் வகுபடும்: 17 × 241. இதை எந்த ஒற்றைப்படைக் காரணிக்கும் இயற்கணிதத்தால் நிரூபிக்கலாம்.

எனவே பகா எண் கிடைக்க வேண்டுமானால், அடுக்கு 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே போகும் வரிசையில் இருந்தாக வேண்டும். இதுவரை எல்லாம் உறுதி. ஆனால் அதைத் திருப்பிப் போட்டால்? அடுக்கு அந்த வரிசையில் இருந்தாலே போதும், பகா எண் கிடைத்துவிடும் என்று சொல்ல முடியுமா?

அப்படித்தான் நம்பினார் பியேர் டி ஃபெர்மா. பிரான்சின் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றிய இவருக்குக் கணிதம் தொழில் அன்று, ஈடுபாடு. தம் முடிவுகளை நூலாக வெளியிடாமல் நண்பர்களுக்குக் கடிதங்களில் எழுதி வந்தார். 1640இல் பிரெனிக்கிள் என்ற கணித ஆர்வலருக்கு எழுதிய கடிதத்தில் 3, 5, 17, 257, 65,537, 4,294,967,297, 18,446,744,073,709,551,617 ஆகிய ஏழு எண்களையும் வரிசையாகக் குறிப்பிட்டு, இந்த வகை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று தாம் நம்புவதாகச் சொன்னார். தம்மிடம் நிரூபணம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். இந்த எண்களை இன்று ஃபெர்மா எண்கள் என்று அழைக்கிறோம்.

பின்குறிப்பாக வந்த கேள்வி

1729 டிசம்பரில் கிறிஸ்டியான் கோல்ட்பாக், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் இருந்த இளம் கணித அறிஞர் லியோன்ஹார்ட் ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஃபெர்மாவின் இந்தக் கூற்று உங்களுக்குத் தெரியுமா என்ற கேள்வி அந்தக் கடிதத்தின் பின்குறிப்பில் இருந்தது. அப்போது ஆய்லருக்கு வயது 22. முதலில் அவர் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. கோல்ட்பாக் விடவில்லை. 1732இல் ஆய்லரிடமிருந்து விடை வந்தது.

4,294,967,297 = 641 × 6,700,417

அவ்வளவுதான். கைப்பேசியில் உள்ள கால்குலேட்டரை எடுத்துப் பெருக்கிப் பாருங்கள், பத்து வினாடி போதும். ஆறாவது ஃபெர்மா எண் பகா எண் அன்று, பகு எண். அதோடு ஃபெர்மாவின் பொது விதியும் விழுந்தது. ஒரு விதி எல்லா எண்களுக்கும் பொருந்தும் என்று காட்ட எத்தனை எடுத்துக்காட்டுகள் தந்தாலும் போதாது. பொருந்தாது என்று காட்ட ஒன்றே போதும்.

641ஐ எப்படிப் பிடித்தார்?

ஓர் எண் பகா எண்தானா என்று பார்க்க அதன் வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்க்கலாம். 4,294,967,297இன் வர்க்கமூலம் 65,536ஐ ஒரு துளி தாண்டும். அதுவரை 6,542 பகா எண்கள் இருக்கின்றன. பேனாவும் தாளுமாக 6,542 வகுத்தல்கள் என்றால் மலைப்புதான். ஆனால் 641 என்பது 116ஆவது பகா எண். பொறுமையாக ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போயிருந்தால், 116ஆவது முயற்சியிலேயே விடை கிடைத்திருக்கும்.

ஆய்லருக்கு அதைவிடக் குறுக்கு வழி தெரிந்திருந்தது. இந்த எண்ணை வகுக்கும் பகா எண் எதுவாக இருந்தாலும், அதிலிருந்து 1ஐக் கழித்தால் வருவது 64இன் மடங்காகவே இருக்கும் என்று பின்னாளில் எழுதிய கட்டுரையில் அவர் நிரூபித்தார். காரணத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

ஒரு பகா எண் 2³² + 1ஐ மீதியின்றி வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 2³²ஐ அதே பகா எண்ணால் வகுக்கும்போது ஒன்று குறையும், அதாவது மீதி −1. அதை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴, மீதி 1. 2இன் அடுக்குகளை வரிசையாக வகுத்துக்கொண்டு போனால், மீதிகள் ஒரு சுற்று முடிந்து மறுபடியும் 1க்குத் திரும்பும். இங்கே அந்தச் சுற்றின் நீளம் சரியாக 64. அதைவிடச் சிறிய சுற்றாக இருந்தால் 32ஆம் அடுக்கிலேயே மீதி 1 வந்திருக்கும். ஆனால் அங்கே வந்தது −1.

இன்னோர் உண்மையையும் சேர்த்துக்கொள்வோம். 2ஐத் தவிர எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2ஐ உயர்த்தி அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். 7ஐ எடுத்துப் பாருங்கள்: 2⁶ = 64; 7ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே நாம் தேடும் பகா எண்ணில் ஒன்றைக் குறைத்தால் வருவது 64 நீளமுள்ள சுற்றுகளுக்குள் சரியாக அடங்க வேண்டும்.

இப்போது 64இன் மடங்குகளோடு 1ஐக் கூட்டுவோம்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இவற்றில் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 மட்டுமே. 116 முயற்சிகள் ஐந்தாகச் சுருங்கிவிட்டன. ஐந்தாவதே விடை. 19ஆம் நூற்றாண்டில் எதுவார் லூக்கா என்ற பிரெஞ்சு அறிஞர் இதை மேலும் கூர்மையாக்கினார். 64க்குப் பதில் 128இன் மடங்குகளைப் பார்த்தாலே போதும் என்றார். அப்போது 257, 641 இரண்டுதான் மிஞ்சும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 7ஐ வைத்து நாம் பார்த்த அந்த உண்மை, ஃபெர்மாவின் சிறிய தேற்றம். அதையும் ஃபெர்மா 1640இல் அதே பிரெனிக்கிளுக்குத்தான் எழுதினார். தம் ஊகத்தை வீழ்த்தக்கூடிய கருவியைத் தம் கையாலேயே செய்து வைத்திருந்தார்.

வகுக்காமலே காட்டலாம்

641 இந்த எண்ணை வகுக்கும் என்பதைக் கால்குலேட்டர் இல்லாமலும் காட்டலாம். படிவம் நான்கு, ஐந்து மாணவர்களுக்கு எளிதில் புரியும். 641ஐ இரண்டு விதமாக எழுதிக்கொள்ளுங்கள்.

641 = 640 + 1, இங்கே 640 = 5 × 2⁷
641 = 625 + 16 = 5⁴ + 2⁴

முதற்படி: 640⁴ − 1 = (640² + 1)(640 + 1)(640 − 1). நடுவில் இருப்பது 641. ஆகவே 640⁴ − 1 என்பது 641ஆல் வகுபடும்.

இரண்டாம் படி: 641ஐ 2²⁸ஆல் பெருக்குவோம். (5⁴ + 2⁴) × 2²⁸ = 5⁴ × 2²⁸ + 2³². இதில் 5⁴ × 2²⁸ என்பது 640⁴தான். எனவே 640⁴ + 2³² என்பதும் 641ஆல் வகுபடும்.

மூன்றாம் படி: இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள். 640⁴ மறைந்துவிடும். மிஞ்சுவது 2³² + 1. 641ஆல் வகுபடும் இரண்டு எண்களின் வித்தியாசமும் 641ஆல் வகுபட்டாக வேண்டும். முடிந்தது.

பத்து இலக்க எண் ஒன்றைப் பற்றிய உண்மையை ஓரிடத்திலும் நீண்ட வகுத்தல் செய்யாமல் நிரூபித்துவிட்டோம்.

அண்டை வீட்டு எண்கள்

4,294,967,297க்கு இடப்பக்கம் இருக்கும் இரண்டு எண்களும் சாதாரணமானவை அல்ல.

ஒன்று குறைந்தால் 4,294,967,296. இது 2³². இணையத்தில் இணையும் கருவிகளுக்குத் தரப்படும் ஐபி முகவரியின் நான்காம் பதிப்பு 32 பிட் நீளமுடையது. ஒவ்வொரு பிட்டும் 0 அல்லது 1. ஆகவே அந்த முறையில் இருக்கக்கூடிய முகவரிகள் மொத்தம் 4,294,967,296. உலக மக்கள்தொகையைவிடக் குறைவு! பொது இருப்பில் மிஞ்சியிருந்த கடைசி முகவரித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் வட்டார அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. 128 பிட் கொண்ட ஆறாம் பதிப்பு தேவைப்பட்டதற்கு இந்தப் பற்றாக்குறை முக்கியக் காரணம்.

இன்னும் ஒன்று குறைந்தால் 4,294,967,295. இதைக் காரணிப்படுத்தினால் கிடைப்பது 3 × 5 × 17 × 257 × 65,537. நாம் தொடங்கிய அதே ஐந்து எண்கள்! 3 × 5 = 15, அது 17க்கு இரண்டு குறைவு. 15 × 17 = 255, அது 257க்கு இரண்டு குறைவு. 255 × 257 = 65,535, அது 65,537க்கு இரண்டு குறைவு. முந்திய ஃபெர்மா எண்களையெல்லாம் பெருக்கி 2ஐக் கூட்டினால் அடுத்த ஃபெர்மா எண் வந்துவிடும். எனவே எந்த ஃபெர்மா எண்ணையும் அதற்கு முந்திய ஒன்றால் வகுத்தால் மீதி 2தான். சற்று முன் மிஞ்சிய 257ஐ வகுத்துப் பார்க்காமலே ஒதுக்கிவிடலாம் என்பது இதனால் தெரிகிறது.

இந்த எண்ணுக்கு வடிவியலிலும் இடமுண்டு. 1796இல், 19 வயது நிறைய ஒரு மாதம் இருந்தபோது, ஜெர்மனியின் கார்ல் ஃபிரெடரிக் காவுஸ் 17 சம பக்கங்கள் கொண்ட பல்கோணத்தைக் கவராயமும் அளவு குறிக்காத நேர்க்கோலும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கலாக இருக்கும்போது மட்டுமே அப்படி வரைய முடியும். வேறு வழியில்லை என்ற மறுபாதியை 1837இல் வாண்ட்செல் நிரூபித்தார். நமக்குத் தெரிந்த ஐந்து ஃபெர்மா பகா எண்களைக் கொண்டு 31 பல்கோணங்கள் கிடைக்கும். அவற்றுள் மிகப் பெரியதற்கு 4,294,967,295 பக்கங்கள். ஃபெர்மாவின் ஊகம் சரியாக இருந்திருந்தால் இந்தப் பட்டியலுக்கு முடிவே இருந்திருக்காது.

ஆறாவதோடு நின்றதா?

ஆறாவது மட்டும் விதிவிலக்காக இருக்கலாம், மற்றவை சரியாக இருக்கலாம் என்று எண்ணத் தோன்றும். அப்படியும் இல்லை. ஃபெர்மாவின் பட்டியலில் இருந்த ஏழாவது எண்ணும் 1880இல் உடைந்தது. லாந்திரி என்பவர் 274,177 அதன் காரணி என்று காட்டினார். 39 இலக்கங்கள் கொண்ட எட்டாவது எண் பகு எண் என்பது 1905இலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அதன் காரணிகள் 1970இல்தான் கிடைத்தன. காரணி ஒன்றுகூடத் தெரியாமலே ஓர் எண் பகு எண் என்று உறுதியாகச் சொல்லும் சோதனைகள் இருப்பதால் இது நடந்தது.

2⁶⁴ + 1 தொடங்கி, 2இன் அடுக்கு 4,294,967,296 ஆக இருக்கும் பிரம்மாண்டமான ஃபெர்மா எண் வரை எல்லாமே பகு எண்கள் என்பது இப்போது உறுதி. அதற்கு அடுத்ததில் 258 கோடிக்கும் அதிகமான இலக்கங்கள். அது பகா எண்ணா இல்லையா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது. 65,537க்குப் பிறகு ஒரு ஃபெர்மா பகா எண்கூட இதுவரை அகப்படவில்லை. ஃபெர்மா கண்ட ஐந்தே ஐந்துதான் இன்றும் நம் கையில் இருப்பவை. அவர் சரிபார்த்தவை எல்லாம் தேறின. சரிபார்க்காத இடத்தில்தான் தொடர் அறுந்தது.

நமக்கு இதில் என்ன?

பள்ளிப் பணித்திட்டங்களில் ஓர் அட்டவணை போடுகிறோம். ஐந்து வரிசை நிரப்புகிறோம். ஐந்திலும் ஒரே முடிவு வந்தால், கீழே "எனவே எப்போதும்" என்று எழுதிவிடுகிறோம். அட்டவணை தரும் உரிமை அவ்வளவு பெரியதன்று. "இதுவரை பார்த்த ஐந்திலும்" என்று எழுதத்தான் அது இடம் தருகிறது. "எப்போதும்" என்ற சொல்லுக்கு நிரூபணம் வேண்டும்.

ஐந்து குறைவு, ஐம்பது பார்த்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஆய்லரே ஓர் எடுத்துக்காட்டு தந்திருக்கிறார். ஓர் எண்ணை வர்க்கப்படுத்தி, அதோடு அதே எண்ணையும் 41ஐயும் கூட்டுங்கள். 0க்கு 41, 1க்கு 43, 2க்கு 47, 3க்கு 53. எல்லாம் பகா எண்கள். இப்படி 0 முதல் 39 வரை நாற்பது முறை தொடர்ந்து பகா எண்களே வரும். 40இல் 1,681 வரும். அது 41 × 41.

இதற்காகத் தோரணியைத் தேடுவதே வீண் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஃபெர்மா ஊகிக்காமல் இருந்திருந்தால் கோல்ட்பாக் கேட்டிருக்க மாட்டார், ஆய்லர் தேடியிருக்க மாட்டார். தவறிப்போன ஊகத்தின் மிச்சம்கூட வீணாகவில்லை. இணையத்தில் தகவல்களைப் பூட்டிப் பாதுகாக்கும் ஆர்.எஸ்.ஏ. முறையில் பொதுத் திறவுகோலின் பகுதியாக மிகப் பரவலாகப் பயன்படும் எண், ஐந்தாவது ஃபெர்மா எண்ணான 65,537தான்.

ஃபெர்மா செய்த நல்ல காரியம் இன்னொன்றும் உண்டு. தம்மிடம் நிரூபணம் இல்லை என்று எழுதி வைத்தார். அவர் பெயருக்கு இருந்த மதிப்பில், நிரூபித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் பலரும் அப்படியே ஏற்றிருப்பார்கள். "நம்புகிறேன், நிரூபிக்கவில்லை" என்ற அந்த ஒரு குறிப்புதான் 89 ஆண்டுகள் கழித்து ஒருவரைக் கேள்வி கேட்க வைத்தது.

முயன்று பாருங்கள்

1. 2¹⁰ + 1 = 1,025. இதை வகுத்துப் பார்க்காமலே, அடுக்கை மட்டும் வைத்து ஒரு காரணியைச் சொல்லுங்கள்.

2. ஆய்லரின் விதியில் 41ஐப் போட்டால் வரும் எண் பகா எண்ணாக இருக்க முடியாது. கணக்கிடாமலே ஏன் என்று விளக்குங்கள்.

3. 6,700,417லிருந்து 1ஐக் கழித்து 128ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி வருகிறதா? விடையை லூக்காவின் விதியோடு ஒப்பிடுங்கள்.